வேல்ஸ் கிராமத்து ஆரஞ்சு தெருவிளக்கு எந்த வகை?

கேள்வி: வேல்ஸில் போவிஸ் மாவட்டம் பக்கம் ஒரு கிராமத்தில் மரத்தாலான மின்கம்பத்திலேயே மாட்டிய பழைய தெருவிளக்கைப் பார்த்தேன். நீளமான கூடு, அடர் ஆரஞ்சு வெளிச்சம், அடியில் நின்ற காரின் நிறம்கூடத் தெரியவில்லை. என்ன விளக்கு இது?

பதில்: குறை அழுத்த சோடியம் விளக்கு, சுருக்கமாக சாக்ஸ் (SOX) என்பார்கள். ஒளி மொத்தமும் 589 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டியே இருப்பதால்தான் நிறம் பிரிந்து தெரியாது. அந்தி நேரத்தில் போய் நில்லுங்கள், முதலில் நியான் வாயுவால் சிவப்பாகப் பற்றி, சில நிமிடம் கழித்துத்தான் மஞ்சளுக்கு வரும், அவ்வளவு அழகு.

பதில்: கூடு சின்னது என்றால் தார்ன் நிறுவனத்தின் பீட்டா 5 என்ற சாக்ஸ் தெருவிளக்கு மாடலாக இருக்கலாம், 35 வாட். நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் என்றால் அது பாதரச விளக்கு, வேறு வகை.

பதில்: சரி, சீக்கிரம் படம் எடுத்துவிடுங்கள். பிலிப்ஸ் 2019-இல் சாக்ஸ் உற்பத்தியை நிறுத்திவிட்டது, பல்பு போனால் அப்புறம் எல்இடிதான்.