எடைக்கல் இழுத்தும் வண்டி மந்தமாக ஓடுகிறது

ஒன்பதாம் வகுப்புக்கு நியூட்டனின் இரண்டாம் விதியைச் செய்துகாட்ட வேண்டும்; கணக்கு ஒத்துவர மறுக்கிறது.

500 கிராம் மரவண்டி, மேசை விளிம்பில் பிளாஸ்டிக் கப்பி, நூல் நுனியில் 50 கிராம் எடைக்கல். உராய்வே இல்லையென்றால் ஒரு மீட்டரை 1.5 விநாடியில் கடக்க வேண்டும். கைபேசியில் படமெடுத்துப் பார்த்தால் இரண்டைத் தாண்டுகிறது.

சக்கர அச்சுக்குத் தையல் மெஷின் எண்ணெய் விட்டாயிற்று, நூலையும் மாற்றியாயிற்று. பலகையை லேசாகச் சாய்த்து, நூலில்லாமல் தட்டிவிட்டால் வண்டி சீரான வேகத்தில் போகிறது. ஆக, சக்கர உராய்வு ஈடாகிவிட்டது. நூலைக் கட்டியதும் பழைய கதைதான்! 100 கிராம் தொங்கவிட்டால் வித்தியாசம் குறைகிறது. கப்பி மெல்லக் கிறீச்சிடுகிறது. நூலும் வண்டியிலிருந்து சற்றே கீழ்நோக்கிச் சரிந்து போகிறது.

திண்டுக்கல்லில் வெள்ளிக்கிழமை கண்காட்சி. முதலில் மாற்ற வேண்டியது கப்பியையா, நூல் கட்டும் உயரத்தையா?