குறுணையா, குறுமணியா, பரலா: மேலுறையிட்ட பெல்லட்டுக்குத் தமிழ்

மடல் 1 (மொழிபெயர்ப்பாளர்)
அன்புடையீர், வணக்கம். மாத்திரை விழுங்க இயலாத குழந்தைகளுக்கும் முதியோருக்கும் உரிய மருந்து வடிவங்கள் பற்றிய செய்முறைக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். இப்போதைய இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். கசப்புத் தெரியாதபடி மேலுறையிட்ட ‘பெல்லட்’ என்னும் மருந்துச் சிற்றுருண்டையை எப்படி எழுதுவது? இப்போதைக்குச் ‘சுவை மறைத்த குறுணை’ என்று இட்டிருக்கிறேன்.

மடல் 2 (மருந்தாக்கியல் ஆசிரியர்)
குறுணை பொருந்தாது. ஈரப் பிசைவைத் துளைத்தகட்டின் வழியே இழைகளாகப் பிதுக்கி, சுழலும் தட்டில் உருட்டி எடுக்கும் பெல்லட், பெரும்பாலும் 0.5 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள சீரான உருண்டை. குறுணையோ ஒழுங்கற்ற நொய். உருண்டையாக இருப்பதால்தான் உறை எங்கும் ஒரே தடிப்பில் படிகிறது. முனை இருந்தால் அங்கே மெலிந்து கசப்புக் கசியும். தவிர, நம் ஊர்களில் குறுணை மருந்து என்றால் வயலில் தூவும் பூச்சிக்கொல்லி. அதையா குழந்தையின் கஞ்சியில் தூவச் சொல்வது? ‘குறுமணி’ என்க.

‘மறைப்பு’ என்பதையும் ஏற்கத் தயங்குகிறேன். இனிப்பும் மணமும் சேர்ப்பதுதான் மறைப்பு. யூட்ராஜிட் ஈ போன்ற பாலிமர் உறையோ, நடுநிலையை ஒட்டிய உமிழ்நீரில் கரையாமல் நின்று, பி.எச். (அமில-கார அளவு) 5-க்குக் கீழான இரைப்பை அமிலத்தில் கரைகிறது. சோதனையும் அதையே அளக்கிறது: பி.எச். 6.8-இல் மாறாது நிற்கும் தாங்கற்கரைசலில் குறுமணிகளைச் சிறிது நேரம் இட்டு, வெளிவந்த மருந்து கசப்பு உணரப்படும் செறிவுக்குக் கீழே நிற்கிறதா என்று பார்க்கிறோம். தன்னார்வலர் வாயிலிட்டுத் துப்பும் சோதனையெல்லாம் அதற்குப் பிறகுதான். ஆகவே ‘சுவைத் தடுப்பு’.

மடல் 3 (தமிழாசிரியர்)
‘சுவைத் தடுப்பு’ இரண்டாம் வேற்றுமைத்தொகை. எல்லாச் சுவையையும் தடுப்பதாக, நாக்கு மரத்துப்போனதாகப் பொருள்படும். தடுக்கப்படுவது கைப்பு ஒன்றே. அறுசுவையுள் எண்ணப்படும் சொல்லும் அதுவே. ‘கைப்புத் தடுப்பு’ என்போம். சிலம்பினுள் இட்ட ‘பரல்’ இருக்கையில் குறுமணி எதற்கு? கண்ணகி தன் சிலம்பின் பரலை ‘மணியுடை அரியே’ என்பதால் ‘அரி’ என்றே கொள்ளலாமோ என்றும் எண்ணினேன். ஆனால் அது அரிதலோடும் அரிசியோடும் குழம்பும்.

மடல் 4 (யாழ்ப்பாணத்திலிருந்து)
எங்களுக்கு மாத்திரை என்பதே குளிசைதான். ‘நுண்குளிசை’ என்றால் தாய்மாருக்கு உடனே விளங்கும், பரல் என்றால் சிலம்பைத் தேடுவார்கள். ‘பூச்சு’ என்று எழுதாமல் ‘உறை’ என்றது நல்லது. பூச்சு மருந்து தோலில் தடவுவது.

மடல் 5 (மொழிபெயர்ப்பாளர்)
அனைவருக்கும் நன்றி. உணவில் தூவும் மணிகளின் இலக்கு அளவாக அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2012-இல் வைத்த மேல்வரம்பு 2.5 மில்லிமீட்டர், கண்ணுக்கு நன்றாகத் தெரியும் பொருளுக்கு ‘நுண்’ என்னும் முன்னொட்டு ஒவ்வாது. பரல் அழகான சொல்லே எனினும், அடிக்குறிப்பு இல்லாமல் மாணவருக்கு விளங்காது. எஞ்சி நிற்பது குறுமணி என்பதால் அதையே இடுகிறேன். முந்தைய இயல்கள் அச்சாகிவிட்டமையால் ‘சுவை மறைப்பு’ அப்படியே இருக்கும்.

மடல் 6 (மருந்தாக்கியல் ஆசிரியர்)
அச்சில் எதுவாயினும், என் ஆய்வகத்தில் ‘தடுப்பு’ என்றே சொல்வேன். இனிப்பூட்டி சேர்த்த மாணவரும் உறையிட்ட மாணவரும் விடைத்தாளில் ஒரே சொல்லை எழுதினால், நான் எதற்கு மதிப்பெண் இடுவது?