330 வாட் சோலார் பனல் இருந்தும் விடியப்புறம் பற்றரி இறங்கிவிடுகிறது: இன்னொரு பற்றரி வாங்கவா?

உப்புவெளி வான்:
வணக்கம். நான் திருகோணமலை, படகு எஞ்சின் திருத்தும் வேலை. தொழில் கூடிய மாதங்களில் குச்சவெளி, புல்மோட்டைக் கரைகளில் வானை நிறுத்தி அதிலேயே சமையல், படுக்கை எல்லாம். கூரையில் வீட்டுக்குப் பூட்டுகிற 330 வாட் பனல் ஒன்று, 12 வோல்ட் 100 ஆம்பியர் மணி லித்தியம் பற்றரி, இரண்டுக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் பிடபிள்யூஎம் (PWM) கொன்ட்ரோலர். ஓடுவது 12 வோல்ட் பிரிட்ஜ், இரண்டு ஃபான், மூன்று பல்ப், போன், லப்டொப். சமையல் காஸில்.

வீட்டில் முழுச் சார்ஜ் ஏற்றிப் போனால் முதல் இரவு பிரச்சினை இல்லை. இரண்டாம், மூன்றாம் இரவில் விடியப்புறம் எல்லாம் நின்றுவிடும். பிரிட்ஜில் மீன் இருக்கும் நாளில் பெரிய தொல்லை. கடையில் இன்னொரு பற்றரி போடச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

கிண்ணியா வயர்மன்:
தம்பி, இப்போதைக்குக் காசை எடுக்க வேண்டாம். பனலின் பின்பக்க ஸ்டிக்கரில் வோல்ட் எவ்வளவு? நல்ல வெயிலில், பகல் 12 மணிக்குக் கொன்ட்ரோலர் எத்தனை ஆம்பியர் காட்டுகிறது?

உப்புவெளி வான்:
அண்ணா, ஸ்டிக்கரில் 37.5 வோல்ட், 8.8 ஆம்பியர். எதனோடும் இணைக்காத திறந்த நிலையில் 46 வோல்ட். மேகமே இல்லாத நேரத்திலும் கொன்ட்ரோலர் 8.5ஐத் தாண்டவில்லை.

கிண்ணியா வயர்மன்:
அங்கேதான் கோளாறு. பிடபிள்யூஎம் பனலை அப்படியே பற்றரியோடு கோர்த்துவிடும். பற்றரி 13 வோல்டில் நின்றால் பனலும் 13க்கு இறங்கும், ஆம்பியர் மட்டும் அதே 8.8. பெருக்கிப் பாருங்கள்: 115 வாட் கூட வராது. 330 வாட்டுக்குக் காசு கொடுத்து மூன்றில் ஒரு பங்கைத்தான் எடுக்கிறீர்கள். எம்பிபிடி (MPPT) கொன்ட்ரோலர் கூடுதல் வோல்டை ஆம்பியராக மாற்றித் தரும்.

உங்கள் செலவு: பிரிட்ஜ் 45 வாட், இந்த வெக்கையில் பாதி நேரம் ஓடும் என்று வைத்தால் நாளுக்கு 540 வாட் மணி. ஃபான் இரண்டும் இரவு முழுக்க ஓடினால் 360. மற்றதெல்லாம் சேர்ந்து 175. கிட்டத்தட்ட 1,100. ஐந்து மணி நேர முழு வெயிலுக்கு இப்போது வருவது 570 தான். எம்பிபிடி போட்டால், இழப்பெல்லாம் கழித்து 1,200 தாண்டும். பற்றரியை இரண்டாக்கினாலும் வரவு அதே 570 தானே? நிறையாத பற்றரி இரண்டு கிடக்கும், அவ்வளவுதான்.

நிலாவெளி வாசி:
அண்ணா சொன்னது சரி. ஆனால் அந்தக் கணக்கு கச்சான் (வறண்ட தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களுக்கு. கார்த்திகை, மார்கழி மழையில் சில நாள் இரண்டு மணி நேர வெயிலே பெரிய காரியம், 500 வாட் மணிதான் கிடைக்கும். அந்தக் காலத்திலும் வானில் இருப்பதென்றால் இரண்டாவது பனலும், வான் ஓடும்போது சார்ஜ் ஏற்றும் டிசி சார்ஜரும் வேண்டும். இன்னொரு பற்றரி அதற்குப் பிறகு.

பனலைக் கூரைத் தகரத்தோடு ஒட்டிப் பூட்டியிருந்தால் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். காற்று போகாமல் பனல் 65 பாகை வரை சூடேறினால் வரவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். உப்புக்காற்று கண்ணாடியில் வெள்ளைப் படலமாகப் படியும். காலையில் நல்ல தண்ணீர் விட்டுத் துடையுங்கள்.

உப்புவெளி வான்:
எம்பிபிடி போட்டாயிற்று, 100 வோல்ட் 50 ஆம்பியர். அதே பனல், மதியம் 19 ஆம்பியர் காட்டுகிறது! பிரிட்ஜ் விடியும்வரை ஓடுகிறது. இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டாவது பனலைத் தொடராக இணைக்கவா, சமாந்தரமாகவா? டிசி சார்ஜர் என்ன அளவு?

கிண்ணியா வயர்மன்:
சமாந்தரம். தொடராகப் போட்டால் 46ம் 46ம் சேர்ந்து 92 வோல்ட், உங்கள் கொன்ட்ரோலர் தாங்கும் 100க்கு மிகவும் கிட்ட. டிசி சார்ஜர் 30 ஆம்பியர் போதும், ஒரு மணி நேர ஓட்டத்துக்கு 380 வாட் மணி ஏறும். பற்றரியின் பிளஸ் முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கட்டும். கழற்றும்போது முதலில் பனல் வயர், பிறகு பற்றரி. பூட்டும்போது பற்றரி முதலில். அதை மாற்றிச் செய்தால் கொன்ட்ரோலர் பழுதாகிவிடலாம், தம்பி.