மலாயா ரயில்வேயில் இருந்த அம்மப்பா: 1942-க்குப் பிறகு எங்கே தேடுவது?

நல்லூராள்:
வணக்கம். அம்மப்பா மலாயாவில் கெமாஸ் ஸ்டேஷனில் கிளார்க்காக இருந்தவர். 1941 கடைசியில் வந்த காயிதத்தோடு சரி, பிறகு ஒரு வரியும் இல்லை. சண்டை முடிந்து ஊருக்கு வந்த ஒருவர், சயாம் பாதைக்கு (ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை) கொண்டுபோனார்கள் என்று அம்மம்மாவிடம் சொன்னாராம். அம்மாவுக்கு இப்போது 85 வயது, தகப்பனைப் படத்தில்தான் கண்டவர். திதி தெரியாததால் ஆடி அமாவாசைக்குக் யாழ்ப்பாணம் கீரிமலையில் பிதிர்க்கடன் கழிக்கிறோம். பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் தேடினேன், தாய்லாந்தில் அந்தப் பாதையோரம் உள்ள காஞ்சனபுரி என்று போட்டும் பார்த்தேன், பெயர் இல்லை. அங்கே சாகவில்லை என்று எடுக்கலாமா?

பூவரசு:
அக்கா, அப்படி எடுக்காதீர்கள். அந்தப் பட்டியலில் பெரும்பாலும் படையினர்தான். காஞ்சனபுரி மயானத்தில் இருக்கும் ஏறக்குறைய 7,000 கல்லறைகளும் போர்க்கைதிகளுடையவை. மலாயாவிலிருந்து பிடித்துக்கொண்டு போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் செத்தும் அந்த மயானத்தில் அவர்களுக்குப் பெயர் பொறித்த கல் ஒன்று கிடையாது, அதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறுவதில்லை. கிழக்குக் கரைப் பாதை கெமாஸில்தான் பிரிகிறது. ஜப்பானியர் அதன் தண்டவாளங்களைக் கழற்றித்தான் சயாம் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஆள் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள்.

மலாயன் பேரன்:
உத்தியோகத்தர் என்றால் தாளில் எங்காவது இருப்பார். சண்டைக்கு முந்திய அரச கசெற் (வர்த்தமானி), கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகம், அப்புறம் லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் சீஓ 717 வரிசை (பிரிட்டிஷ் காலனி அலுவலகத்தின் மலாயாக் கோப்புகள்). சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய பத்திரிகைத் தளம் இலவசம், 1945 செப்டெம்பருக்குப் பிந்திய இதழ்களை விடாமல் பாருங்கள். பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேட வேண்டாம். என் அப்பப்பா தன் பெயரில் அகப்படவே இல்லை, தகப்பன் பெயரில்தான் அகப்பட்டார்.

தோப்புக்காரன்:
பிள்ளை, முதலில் ஊரில் தேடு. அம்மப்பாவின் சகோதரங்களுக்கு அந்தியேட்டியில் (31ஆம் நாள் கிரியை) கொடுத்த கல்வெட்டுகளில், அதாவது நினைவுப் புத்தகங்களில், வம்சாவளி இருக்கும், நூலகம் என்ற இணையத்தளத்திலும் கல்வெட்டுகள் கிடக்கின்றன. அதைவிட முக்கியம் காணி உறுதி (பத்திரம்). யாழ்ப்பாணத் தமிழருக்கான தேசவழமைச் சட்டப்படி, கட்டிய பெண் தன் காணியை எழுதுவதென்றால் புருஷன் சம்மதம் வேண்டும். அம்மம்மா உன் அம்மாவுக்குச் சீதனம் எழுதியபோது புருஷன் எங்கே என்பதற்கு அந்த உறுதியில் ஏதாவது சொல்லியிருக்க வேணும்: காலமானார் என்றா, கோர்ட் கட்டளை என்றா?

நல்லூராள்:
ஐயா, நேற்றிரவு பெட்டகத்தைத் திறந்தேன். 1961 உறுதி, ஓரமெல்லாம் செல்லரித்திருக்கிறது. "காலஞ்சென்ற" என்று இருக்கிறது, பக்கத்தில் யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்ற வழக்கு இலக்கம் ஒன்றும். இத்தனை வருடம் அது எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது. இந்த இலக்கத்தை வைத்து யாரிடம் கேட்பது?

தோப்புக்காரன்:
நீதிமன்றப் பதிவறையில் கேள். போகும்போது உறுதியின் பிரதியும் அம்மாவின் பிறப்புச் சான்றிதழும் கொண்டுபோ. வழக்கில் சாட்சி சொன்னவர்களின் பெயர்களைக் கட்டாயம் எழுதிக்கொண்டு வா.

நல்லூராள்:
திங்கட்கிழமை போகிறேன். அம்மாவும் வருவாராம்.