இரண்டு பிள்ளைகள், ஒருவன் பையன்: விடை 1/2 ஆ, 1/3 ஆ?

மாட்டுங்காவாசி:
டியூஷன் கணக்கு. எதிர் ஃபிளாட்டில் இரண்டு பிள்ளைகள், ஒருவனாவது பையன். இருவரும் பையன்களாக இருக்க நிகழ்தகவு 1/3 என்கிறது விடைத்தாள். ஒரு பிரசவம் அடுத்ததைப் பாதிக்காதே, ஏன் 1/2 இல்லை?

செம்பூர் கணக்கர்:
மூத்தது, இளையது என வரிசையாக எழுதுங்க (ஆ = ஆண், பெ = பெண்): ஆஆ, ஆபெ, பெஆ, பெபெ. நான்கும் சமவாய்ப்பு. "ஒருவனாவது பையன்" என்றால் பெபெ மட்டும் அடிபடும். மிச்சம் மூன்றில் ஒன்று. "மூத்தது பையன்" என்றால் பெஆவும் போய்விடும், அப்போது 1/2. ஆபெ, பெஆ இரண்டையும் ஒன்றாக எண்ணித்தான் பசங்க சறுக்குறாங்க.

தாராவி நண்பன்:
சார், தகவல் எப்படிக் கிடைத்தது என்பதுதான் இதில் உயிர். லிஃப்டில் எதேச்சையாகப் பார்த்த பிள்ளை பையன் என்று வைங்க. ஆஆ வீட்டில் அதற்கு வாய்ப்பு 1; ஆபெ, பெஆ வீடுகளில் பாதிதான். ஒவ்வொரு வகை வீட்டுக்கும் வாய்ப்பு 1/4 என்பதால், பையனைப் பார்த்தபின் அது ஆஆ வீடாக இருக்க வாய்ப்பு: 1/4 ÷ (1/4 + 1/8 + 1/8) = 1/2. கணிதப் புதிர் எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் 1959-ல் இந்தப் புதிரைப் போட்டு, கேள்வியில் தெளிவில்லை என்று பிறகு அவரே ஒப்புக்கொண்டார்.

மாட்டுங்காவாசி:
அப்போ, "பையன் உண்டா என்று கேட்டோம், ஆமாம் என்றார்கள்" என மாற்றிவிடுகிறேன்.

செம்பூர் கணக்கர்:
சரி, அதற்கு 1/3 தான். பிறப்பில் 100 பெண்ணுக்குச் சுமார் 105 ஆண் என்று எடுத்தால் 1/3-க்குப் பதில் 0.344 வரும், அதனால் "சமவாய்ப்பு எனக் கொள்க" என்பதையும் சேர்த்துவிடுங்க.