ஐரிஷ் நடனம்: நாற்பது வயதில் தொடங்கலாமா?

கேள்வி:
பணி நிமித்தம் அயர்லாந்தின் கால்வே நகருக்கு வந்திருக்கிறேன். 1994 யூரோவிஷன் பாட்டுப் போட்டியின் இடைவேளையில் அரங்கேறிய ‘ரிவர்டான்ஸ்’ நடனத்தின் காணொளியைப் பார்த்ததிலிருந்து ஐரிஷ் நடனத்தின் மீது ஆசை. ஆனால், கைகளை அசைக்காமல் அவ்வாறு துள்ளுவது இந்த வயதில் இயலுமா?

மறுமொழி 1:
தாங்கள் பார்த்தது மேடைக்காக மெருகேற்றப்பட்ட வடிவம். தங்களுக்கு ஏற்றது ‘கேய்லி’ என்னும் கூட்டு நடனம். ‘வால்ஸ் ஆஃப் லிமெரிக்’ ஆட்டத்தில் இரண்டு ஜோடிகள் எதிரெதிரே நின்று, கைகோத்து முன்சென்று பின்வாங்கி, இடம் மாறி, இறுதியில் அடுத்த ஜோடியை நோக்கித் திரும்புவார்கள். ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்ற அடி தெரிந்தால் போதும். தடுமாறினால் எதிரில் நிற்பவரே தோளைத் தொட்டுத் திருப்பிவிடுவார்.

மறுமொழி 2:
முதல் நாளே ஓசையெழுப்பும் கனத்த காலணியை வாங்கிவிடாதீர்கள். அந்தத் தவற்றைச் செய்தவன் நான். ரப்பர் அடி தரையைக் கவ்வி முழங்காலை வருத்துமாதலால், வழுவழுப்பான தோல் அடியுள்ள சாதாரணக் காலணியே நல்லது.

மறுமொழி 3:
நான்கு ஜோடிகள் சதுரமாக நின்று ஆடும் ‘செட்’ நடனத்தையும் பாருங்கள். அண்டையிலுள்ள கிளேர் மாவட்டத்தின் மில்டவுன் மால்பே ஊரில், ஜூலைதோறும் நடக்கும் வில்லி கிளான்சி கோடைப் பள்ளியில் அதற்கு வகுப்புகள் உண்டு.