தனியே விட்டால் கூண்டில் ஊளையிடும் மூன்று மாதக் குட்டி

எங்கள் லாப்ரடார் குட்டிக்கு மூன்று மாதம் ஆகிறது. வீட்டுக்கு வந்து சில வாரங்கள்தான். ஆள் இருக்கும்போது கம்பிக் கூண்டுக்குள் தானாகவே போய்த் தூங்கும் அது, வாசற்கதவு சாத்தும் ஓசை கேட்டதும் ஊளையிட்டு, கூண்டின் கொக்கியைக் கடித்திழுத்து, மூச்சிரைக்க, நெஞ்சு நனையுமளவு எச்சில் வடிக்கிறது. கேமராவில் பார்த்தால் அரை மணி நேரத்துக்குப் பிறகும் அடங்குவதில்லை. இந்த வயதுக் குட்டி பகலில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் சிறுநீரை அடக்கும் என்பார்கள். நாங்கள் வெளியே இருப்பது அதைவிடக் குறைவு, கிளம்புமுன் கழிக்கவும் வைக்கிறோம்.

சாப்பாட்டைக் கூண்டுக்குள்ளேயே வைத்தோம். கூண்டைத் துணியால் மூடினோம். சாவியை எடுத்துவிட்டு வெளியே போகாமல் உட்கார்ந்து பழக்கினோம். தனிமை நேரத்தைச் சில நொடிகளில் தொடங்கி மெல்லக் கூட்டியது ஓரளவு பலித்தது. ஆனால் வேலை நாளில் நீண்ட நேரம் விட நேர்ந்ததும் பழைய நிலைக்கே திரும்பிவிட்டது. உணவு அடைத்த ரப்பர் பொம்மையை நாங்கள் திரும்பி வந்த பிறகுதான் நக்கவே தொடங்குகிறது, பயத்தில் பசிகூடத் தெரிவதில்லை போலும். உடல்நலக் குறை எதுவும் இல்லை என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். அழுது ஓயட்டும் என்று விடச் சொல்பவர்களும் உண்டு. கம்பியைக் கடித்து ஈறில் ரத்தம் கசிந்த பிறகு அதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

இந்நிலையில் கூண்டுப் பயிற்சியையே தொடர்வதா, அல்லது கூண்டைத் திறந்தே வைத்து, தடுப்பு போட்ட ஒரு சிறு அறையில் விட்டுப் பழக்குவதா: இதைக் கடந்து வந்தவர்களுக்கு எது கைகொடுத்தது?